காக்காவுக்கும் ஒரு ‘போங்க’

அன்புள்ள பரணி,

உனக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரிந்தேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதில் நீ கற்றுக்கொண்டது பாதி எழுத்தும் முழுக் கொட்டாவியும்தான். ஆனால் காதில் விழுந்தால் உனக்கு எல்லாம் புரியும், எனக்குத் தெரியும். எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மீனா ஆன்ட்டி என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். சமையல் குறிப்பு கேட்டாள். என் பையனுக்கு ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது, அதை வேண்டுமானால் போட்டுக்கொள் என்றேன். அச்சானதும் ஞாயிற்றுக்கிழமை போனில் நானே உனக்குப் படித்துக் காட்டுவேன். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன் துணிகளை மடித்துக்கொண்டே கேள். நடுவில் “ஓகேம்மா, காட் இட்” என்று என்னை அவசரப்படுத்தாதே.

போன வாரம் நீ டெக்சாஸுக்குக் கிளம்பிய காலையில் உன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின் சீட்டில் ரப்பர் பூட்ஸ், பைனாகுலர், சுருட்டி வைத்த கயிறு, உன் அப்பாவின் பச்சை மடக்கு நாற்காலி, அதற்கு மேலே நான் காய்ச்சிக் கொடுத்த புளிக்காய்ச்சல். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, கடலோரத்தில் பறவை முட்டைகளைக் காப்பாற்றுகிற வேலைக்குப் போகிறவனின் சாமான் இவ்வளவுதான். எல்லாம் ஏற்றி முடித்துக் கதவைச் சாத்திய பிறகு நீ தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாய். “அம்மா, அப்பாவோட திதி டே வருதில்ல... ஐ’ல் பி லிவிங் ரைட் நெக்ஸ்ட் டு தி நெஸ்ட்ஸ். காக்காவுக்கு வாட் டு ஐ டூ?” நான், “தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டேன். நீயும் எடுத்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். நேராக விஷயத்துக்கு வர மாட்டேன். இத்தனை வருஷத்தில் அது உனக்குப் பழகியிருக்கும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. நீ ஹைஸ்கூலில் இருந்தாய். காலேஜுக்கு அப்ளை பண்ண வாலன்டியர் வேலை செய்திருக்க வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் ஹாஸ்பிடலுக்கும் லைப்ரரிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். உன்னையும் ஹாஸ்பிடலுக்கு அனுப்ப வேண்டும், அந்த வாசனையிலேயே உனக்கு டாக்டர் ஆசை வந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். நீ வந்து, கடற்கரையில் ப்ளவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்றாய். என் காதில் அது ஃப்ளவர் என்று விழுந்தது. சென்னைக்குப் போன் பண்ணி உன் சித்தியிடம், “பரணி பீச்ல பூச்செடிக்கெல்லாம் காவல் இருக்கான்” என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவளும், “மணல்ல என்னக்கா பூ பூக்கும், அடப்பங்கொடியா?” என்று விசாரித்தாள். ஒரு கோடை முழுக்க உன்னைப் பூக்காரனாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். அது பூ இல்லை, கையளவுகூட இல்லாத ஒரு குருவி, மணலில் சின்னப் பள்ளம் பறித்து முட்டையிடும், நம் ஊரில் அதன் பங்காளிக்கு உப்புக்கொத்தி என்று பெயர் என்று உன் அப்பாதான் பிறகு எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

உன் அப்பாவுக்கு அப்போது சிரிக்கக் காரணம் தேவைப்பட்டது. டாட்காம் பிசினஸ் சரிந்து அவர் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய சமயம் அது. ஐசலினில் நம் அபார்ட்மென்ட் கட்டிடத்திலேயே பகலில் வீட்டில் இருக்கிற ஆண்கள் பெருகிவிட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நம் ஊர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கும் சாக்கில் நடப்பார்கள். உன்னைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்ற வேலை வந்ததும் உன் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்ப ஆரம்பித்தார். ஒரு பிளாஸ்கில் காபி, ஒரு தமிழ் வாரப் பத்திரிகை, அந்தப் பச்சை நாற்காலி. முதலில் காரிலேயே உட்கார்ந்திருந்தாராம். பிறகு காருக்கு வெளியே. அப்புறம் ஒருநாள் பார்த்தால் கூடுகளைச் சுற்றி நீங்கள் கட்டிய கயிற்று வேலிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவரே வாலன்டியர் ஆகிவிட்டார். வேலை கிடைத்த பிறகும் சனி, ஞாயிறு தவறவில்லை. சம்பளம் இல்லாத வாட்ச்மேன் வேலைக்கு அப்பனும் பிள்ளையும் போட்டி போடுகிறீர்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை.

அவரிடம் நீ கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டெக்சாஸில் உனக்கு அது உதவும். யாரையும் அவர் எடுத்தவுடன் தடுக்க மாட்டார். நாயோடு வருகிறவர்களிடம் முதலில் நாயின் பெயரைக் கேட்பார். பட்டம் விடுகிற பிள்ளையிடம், எவ்வளவு உயரம் போகும் என்று கேட்டு, விட்டுக் காட்டச் சொல்லி, பாராட்டிவிட்டு, அந்தப் பட்டம் கீழே இருக்கிற குருவிக்குப் பருந்து மாதிரி தெரியும், பயந்து முட்டையை விட்டு ஓடிவிடும் என்று பிறகுதான் சொல்வார். பக்கத்து ஊர் எடிசனிலிருந்து இரண்டு வேன் நிறைய நம் ஆட்கள் வந்து கயிற்றுக்குள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடினார்களே, நினைவிருக்கிறதா? நீ சட்டம் பேசப் போனாய். அவர்கள் உன்னைச் சட்டையே பண்ணவில்லை. உன் அப்பா எழுந்து போய், “சாருக்கு எந்த ஊரு?” என்றார். சீர்காழி என்றார்கள். “அட, சீர்காழியில எங்க?” அரை மணி நேரம் கழித்து அவர்களே ஸ்டம்பைப் பிடுங்கித் தள்ளி நட்டுக்கொண்டு, உங்கள் இரண்டு பேருக்கும் எலுமிச்சை சாதமும் கொடுத்தார்கள். உனக்கு நியாயம் தெரியும், பரணி. அவருக்கு மனிதர்களைத் தெரியும். இரண்டும் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

அந்தக் காலத்தில் எனக்கும் பறவைகளுக்கும் இருந்த ஒரே சம்பந்தம் காக்காதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, சாதம் வடித்ததும் ஒரு பிடி காக்காவுக்கு வைக்காமல் நான் சாப்பிட்டதில்லை. ஐசலின் அபார்ட்மென்டில் பால்கனி கைப்பிடியில் வைத்துவிட்டு ‘கா கா’ என்று கூப்பிடுவேன். இந்த ஊர்க் காக்கா கழுத்தில் சாம்பல் பட்டைகூட இல்லாத ஒரே கறுப்பு. கொழுத்துப்போய் மரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு என்னை ஏதோ சேல்ஸ் ஆள் மாதிரி பார்க்கும். “அதுக்குத் தமிழ் தெரியாதுடி, இங்கிலீஷ்ல கூப்பிடு” என்பார் உன் அப்பா. கீழ் வீட்டு வெள்ளைக்காரர் ஒருநாள் மேலே பார்த்து, யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்டதற்கு, “ஷி இஸ் காலிங் மை பேரன்ட்ஸ்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அந்த மனிதர் அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரொம்ப மரியாதையாகத் தலையை அசைப்பார். “போங்க! உங்களுக்கு எல்லாம் விளையாட்டு” என்று நான் கத்துவேன். அவர் எங்கே போவார்? அடுத்த நிமிஷம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு காபி கேட்பார்.

வைகாசியில் ஒரு காலை, ஆபீஸுக்குக் கிளம்பியவர் ஷூ லேஸ் கட்டக் குனிந்து, நிமிரவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். நீயும் நானும் அதைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். அவருடைய அஸ்தியை அந்தக் கடற்கரையிலிருந்து படகு எடுத்துக்கொண்டுபோய் நடுக்கடலில் கரைத்தோம். நீ காலேஜ் படிப்பை முடித்துவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்தாய், வேலையில் சேர்ந்தாய், அவருடைய சனி, ஞாயிறையும் நீயே எடுத்துக்கொண்டாய். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், ஆனால் பார்க்வேயில், பறக்கிற கார்களுக்கு நடுவே மெர்ஜ் பண்ணுவதற்கு மட்டும் தைரியம் வரவில்லை. இப்படியே ஒரு வருஷம் ஓடி முதல் திதி வந்தது.

அன்று காலை கோவில் ஐயர் வந்து உன்னை உட்கார வைத்து எள்ளும் தண்ணீரும் விட வைத்தார். நீ ஒழுங்காகச் செய்தாய். செய்து முடித்ததும், கடற்கரையில் இன்று காவலுக்கு ஆள் இல்லை என்று நீ கிளம்பிவிட்டாய். நான் இலை போட்டு எல்லாம் வைத்தேன்: சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பாயசம், அவருக்குப் பிடித்த உளுந்து வடை. பால்கனியில் காக்காவுக்கு வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். வரவில்லை. தொண்டை வறளக் கூப்பிட்டேன். மரத்தில் ஒரு காக்கா இருந்தது. அது தன் பாட்டுக்கு றெக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு அணில் வந்து வடையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பசி பெரிதாகத் தெரியவில்லை. என்னமோ என் மேல் கோபம், அதனால்தான் வரவில்லை என்று தோன்றியதுதான் தாங்க முடியவில்லை. ஐயருக்குப் போன் பண்ணினேன். “அஸ்தி கரைச்ச இடத்துப் பக்கம் கொண்டுபோய் வச்சுப் பாருங்கோம்மா” என்றார். மீனா ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். அவள் கட்டியிருந்த வீட்டுப் புடவையோடு காரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கடற்கரையில் நீ எங்கே இருக்கிறாய் என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. கயிற்று வேலிக்கு இந்தப் பக்கம், சுத்தமான மணலாகப் பார்த்து இலையை விரித்தேன். கூப்பிட வாய் திறப்பதற்குள் ஒரு காக்கா வந்தது, பரணி. அதன் பின்னால் இன்னும் இரண்டு. முதலில் வந்தது சாதத்தைத் தொடவில்லை, பாயசத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் வடையை எடுத்தது. உன் அப்பாவும் இலை போட்டால் முதலில் வடையைத்தான் எடுப்பார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “வந்துட்டாருடி மீனா, வந்துட்டாரு” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த ஒரு வருஷத்தில் அதுதான் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம்.

அப்போதுதான் நீ மணலில் ஓடி வந்தாய். கையைத் தட்டிக்கொண்டு, “ஹேய்! ஹேய்!” என்று கத்திக்கொண்டு. காக்காக்கள் எழும்பிவிட்டன. வடையை எடுத்தது அதைக் கீழே போட்டுவிட்டுப் பறந்தது. “டேய், அப்பாடா அது! அப்பாவை விரட்டுறியே!” என்று நான் அலறியதில் குளிக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீ என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மணலோடு சேர்த்துச் சோற்றை அள்ளி உன் தொப்பிக்குள் போட ஆரம்பித்தாய். “அம்மா, இங்க ஃபீட் பண்ணக் கூடாதும்மா. லுக், தேர். முட்டை இருக்கு. ஜஸ்ட் தேர்.” கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீ காட்டிய இடத்தில் எனக்கு மணலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. “அப்பாவும்தானே காக்காவை சேஸ் பண்ணினாரு? இதே இடத்துல, இதே சேர்ல உக்காந்து?” என்று கேட்டாய். “அவர் இருந்தப்ப அது வெறும் காக்காடா” என்றேன். “இப்ப அப்படியா?” என்றும் கேட்டேன். நீ மிச்சச் சோற்றையும் பொறுக்கித் தொப்பியில் போட்டுக்கொண்டாய். மீனா ஆன்ட்டி என்னைத் தாங்கிப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனாள். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் குடித்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அந்தக் காக்காக்கள் திரும்ப வந்திருக்கின்றன. ஒரு தடவை சோறு கண்ட இடத்தைக் காக்கா மறக்குமா? சோற்றைத் தேடி நடந்து, கயிற்றைத் தாண்டியும் நடந்திருக்கின்றன. காக்கா நுழையாதபடி சில கூடுகளுக்கு மேலே நீங்கள் கம்பிக் கூண்டு போடுவீர்களே, அந்தக் கூட்டுக்கு அந்த வாரம்தான் போட இருந்தீர்களாம். நீ சாயங்காலம் வந்து சிங்க்கில் ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டிருந்தாய். நான் உன்னோடு பேசக் கூடாது என்று இருந்தவள், உன் முதுகைப் பார்த்ததும் என்னையும் மீறி, “முட்டை?” என்று கேட்டேன். “போச்சும்மா” என்றாய். எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவன் அன்று தமிழில் சொன்னாய். குருவிகள் இரண்டும் என்ன செய்கின்றன என்று கேட்டேன். அந்தக் காலிப் பள்ளத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றன என்றாய். ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு அடைகாக்கும் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். ஒன்று போனால் இன்னொன்று எப்படி நிற்கும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று எனக்கு உன் மேல் கோபம், காக்காவின் மேல் கோபம், போய்ச் சேர்ந்த உன் அப்பாவின் மேல்தான் எல்லாவற்றையும்விடக் கோபம். கோபமெல்லாம் தீர்ந்த பிறகு மிச்சம் இருந்தது வெறும் வருத்தம். நான் ஆசையாக வைத்த சோறு, யாரோ இரண்டு பேர் வீட்டில் குழந்தை இல்லாமல் ஆக்கிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து நீ சந்தோஷமாக வந்து, அந்த ஜோடி சற்றுத் தள்ளி மறுபடியும் பள்ளம் பறித்திருக்கிறது என்றாய். முதல் முட்டைகள் சீக்கிரமே போய்விட்டால் சில சமயம் அப்படித் திரும்ப இடுமாம். “சனிக்கிழமை நானும் வரேன்” என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். “தூக்குல ஒண்ணும் எடுத்துட்டு வர மாட்டேன், பயப்படாதே” என்றேன். உன் அப்பாவின் பச்சை நாற்காலியில், கயிற்றுக்குப் பக்கத்தில், புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். காக்கா வந்தால் எழுந்து கையைத் தட்ட வேண்டும், அதுதான் வேலை என்று டோனா சொல்லிக் கொடுத்தாள். டோனா ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவள், அந்தக் கடற்கரையில் வாலன்டியர்களை மேய்க்கிறவள். கேட்டுக்கொண்டேன். காக்காவும் வந்தது. மணலில் இறங்கி, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு, கூட்டை நோக்கி நடந்தது. எழுந்தேன். கை தட்ட வரவில்லை. உன் அப்பாவை நான் ஒருநாளும் கை தட்டி விரட்டியதில்லை. என்ன சண்டை வந்தாலும் ‘போ’ என்று சொன்னதில்லை. ரெண்டு அடி எடுத்து வைத்து, “போங்க” என்றேன். அது நின்றது. “கொஞ்சம் தள்ளிப் போங்களேன், குழந்தைங்க வரப்போற இடம்.” அப்படியே புடவைத் தலைப்பை வீசினேன். காக்கா றெக்கையை விரித்து எழும்பி, தள்ளிப் போய் விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். காபி கேட்கிற பார்வை.

நாள் முழுக்க அப்படியே நடந்தது. வருவார்; “போங்க” என்பேன்; போவார்; திரும்ப வருவார். ஒரு வருஷமாக அவரோடு பேச வார்த்தையில்லாமல் இருந்தவள், அன்று சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டும் வரை பேசிவிட்டேன். டோனா வந்து, அது என்ன வார்த்தை, நன்றாக வேலை செய்கிறதே என்று கேட்டாள். ‘கோ’ என்று அர்த்தம் என்று பாதி உண்மையைச் சொன்னேன். அவள் உடனே எழுந்து நின்று, “பொங்கா! பொங்கா!” என்று கத்திப் பார்த்தாள். அடுத்த வாரம் கடற்கரை முழுக்க அதுதான். பெரியவர்கள், ஹைஸ்கூல் பிள்ளைகள், வெயிலில் சிவந்துபோன தாத்தாக்கள் எல்லாரும் காக்காவைப் பார்த்தால் “பொங்கா!” அத்தனை வெள்ளைக்காரர்களும் என் வீட்டுக்காரரை மரியாதையாக விரட்டுகிறார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நீ அந்த முனையிலிருந்து நடந்து வந்தவன், டோனா அப்படிக் கத்துவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். அப்பா போன பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. “அம்மா, வொய் நாட் ஜஸ்ட் போ?” என்று கேட்டாய். கேட்டு முடிப்பதற்குள் உனக்கே புரிந்துவிட்டது. சிரிப்பு நின்று, நீ கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாய். நான் உன்னைப் பார்க்காத மாதிரி காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவை இட்டதில் சில முட்டைகள் பொரியவில்லை. பொரிந்த குஞ்சுகள் கடலை உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி மணலில் ஓடின. எனக்கு அதற்குள் கண் பழகியிருந்தது. உனக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். அதற்கப்புறம் வந்த திதிகளை எல்லாம் எப்படிச் செய்தோம் என்று உனக்குத் தெரியும், ஆனால் ஏன் அப்படி என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. காலையில் எள்ளும் தண்ணீரும். பிறகு நேராகக் கடற்கரை. அன்று முழுக்கக் காவல், காக்காவுக்கு ஒரு பருக்கை கிடையாது. முடிந்ததும் பார்க்கிங் லாட்டில், மணலுக்கு எட்டாத தூரத்தில், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வடையும் பாயசமும். டோனா ஆறு வடை சாப்பிடுவாள். காக்கா சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று மீனா ஆன்ட்டி இன்னும் கேட்கிறாள். முப்பது வருஷம் அவருக்குப் பரிமாறியிருக்கிறேன். பசி தாங்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வருஷக்கணக்காக அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கூட்டைக் காப்பாற்றியவர், அந்த முட்டையைக் கொடுத்துத்தான் தன் பசி தீர வேண்டும் என்று கேட்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். இதில் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று ஐயரிடம் கேட்கவில்லை. அவர் என் வீட்டுக்காரரோடு குடித்தனம் பண்ணவில்லை.

நீ கிளம்பியதிலிருந்து இங்கே எனக்குத் துக்கம் விசாரிக்கிற மாதிரி போன் வருகிறது. இந்தக் காலத்தில் கையில் இருக்கிற வேலையை யாராவது விடுவார்களா, குருவி பார்க்கவா மாஸ்டர்ஸ் படித்தான், இப்படியே இருந்தால் பெண் யார் கொடுப்பார்கள் என்று கேட்கிறார்கள். நானும் முதலில் இதையெல்லாம் உன்னிடம் கேட்டவள்தான், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது, “காவலுக்குப் போயிருக்கான்” என்று மட்டும் சொல்கிறேன். சொல்லும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. அந்தக் கர்வத்தைக் கெடுத்துவிடாமல் வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. உன் காரில் பிரேக் சத்தம் வருகிறது; மெக்கானிக்கிடம் காட்டு. அங்கே பீச்சிலேயே டிரக் ஓட்டிக்கொண்டு வருவார்களாமே. அவர்களிடம் எடுத்தவுடன் சட்டம் பேசாதே. எந்த ஊர் என்று கேள். டெக்சாஸ்காரர்களும் ஊர்ப் பேச்சை எடுத்தால் நிறுத்த மாட்டார்கள் என்று அங்கே சுகர் லேண்டில் இருக்கிற மீனா ஆன்ட்டியின் தம்பி சொல்கிறான்.

இனி உன் கேள்வி. அங்கே காக்காவைவிட ஸீகல்தான் பெரிய தொல்லை என்று போனில் சொன்னாய். ஸீகலுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா உனக்கு? கடற்காக்கை. அதனால் அது வெள்ளையாக இருக்கிறதே, அப்பா எப்படி வருவார் என்று நீ கவலைப்பட வேண்டாம். வருவார். திதியன்று குளித்துவிட்டு, எள்ளும் தண்ணீரும் விடு. நான் போனில் சொல்லித் தருகிறேன். சோறு வைக்காதே. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் வரும்போதெல்லாம் “போங்கப்பா” என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இரு. காவல் முடிந்து வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடு. நீ சாப்பிட்டால் அவர் சாப்பிட்ட மாதிரிதான். இதுதான் பதில். காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லியிருந்தால் நான் உடைந்து போயிருப்பேன், நீயும் கிளம்பியிருக்க மாட்டாய்.

இன்னும் ஒன்று இருக்கிறது. துணி மடித்துக்கொண்டிருந்தால் அதைக் கீழே வை. எனக்கும் வயதாகிறது. பயப்படாதே, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பார்க்வேயில் மெர்ஜ்கூடப் பண்ணிவிட்டேன், மீனா ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஒருநாள் நானும் போவேன். அப்புறம் நீ எந்தக் கடற்கரையில் இருந்தாலும் அங்கே வருவேன். உன்னைப் பார்க்கத்தான் வருவேன், ஆனால் காக்கா புத்தி, கால் கூட்டுப் பக்கம்தான் போகும். நீ என்னை விரட்ட வேண்டியிருக்கும். அம்மாவாயிற்றே என்று தயங்காதே, விரட்டு. கையை மட்டும் தட்டாதே. “போம்மா” என்று சொல். நீ சொன்னால் போய்விடுவேன், பரணி. ரொம்ப தூரம் போக மாட்டேன்.